முதல் ஒரு மணி நேரம்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான ஒரு பெண்ணுக்கு அடுத்து என்ன மருந்து என்பதை மூன்று ஸ்லைடுகள் முடிவு செய்கின்றன: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகளைக் காட்டும். மூன்றாவது, செல்லை வளரச் சொல்லித் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த மூன்றையும் கண்ணாடித் துண்டின் மேல் பழுப்பு நிறமாக வரவழைத்து டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பது எங்களைப் போன்ற லேப் டெக்னீஷியன்களின் வேலை. வேலூரில் ஒரு திசு ஆய்வகத்தில் இந்த வேலையைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ஆரணி, திருவண்ணாமலை என்று சுற்றுவட்டாரத்து நர்சிங் ஹோம்களிலிருந்தெல்லாம் எங்களுக்குச் சாம்பிள் வரும். இத்தனை வருஷத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். ரிப்போர்ட் சரியாக வருமா வராதா என்பது, சாம்பிள் எங்கள் லேபுக்குள் நுழையும் முன்பே, ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

டிப்ளமோ படிப்பதற்கு முன்பே இந்தப் பாடம் எனக்கு வீட்டில் கிடைத்திருந்தது. நான் பிறந்தது கணியம்பாடி. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் பாகாயம், அடுக்கம்பாறை தாண்டி வரும் ஊர். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவு எங்கள் ஒன்றியத்துக் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. அவர்களுடைய ‘சாட் ஆஸ்பத்திரி’ என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் வழி தெரியும். ஆஸ்பத்திரி வேலையை விட்டால் எங்கள் ஜனங்களுக்கு இருந்த இன்னொரு பிழைப்பு தோல். என் அப்பா பாலாற்றங்கரைத் தோல் ஷாப் ஒன்றில், பச்சைத் தோல் வந்து இறங்கும் கொட்டகையில் இருந்தார்.

ஆட்டை உரித்த சில மணி நேரத்துக்குள் தோலில் உப்பு ஏற வேண்டும். தாமதித்தால் மயிர் தானாகக் கழன்று வரும், மேல்தோல் கெட்டுப்போகும். அதற்குப் பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டாலும் சரி, குரோம் டிரம்மில் சுற்றினாலும் சரி, அந்தக் கறை கடைசிவரை நிற்கும். அப்பா தோலைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். ஃபினிஷிங் பிரிவில் ஏதாவது பழுது தெரிந்து மேஸ்திரி சத்தம் போட்டால், “கெட்டது இங்க இல்ல சாமி, உரிச்ச எடத்துல” என்பார்.

திசுவுக்கு உப்பின் இடத்தில் ஃபார்மலின். உறவு வெறும் உவமையோடு நிற்பதில்லை, வேதியியலிலும் உண்டு. குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு, புரதங்களின் அமினோ முனைகளைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஃபார்மால்டிஹைடு கொண்டு தோல் பதனிடும் முறையே தனியாக உண்டு. 1893-ல் ஃபெர்டினாண்ட் பிளம் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல் தோல் விறைத்துப் போனதைக் கவனித்தார். விரலை விறைக்க வைப்பது திசுவையும் விறைக்க வைக்கும் என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான், இன்று உலகம் முழுக்க எல்லா பயாப்சி பாட்டிலிலும் இருக்கும் திரவம். என் அப்பாவின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. கையுறை மாட்டாத காலத்து டெக்னீஷியன்களின் விரல்களும் அப்படியே. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்த பிறகுதான் எங்களைப் போன்ற இடங்களில் புகைபோக்கி மேஜைகளைப் பற்றிப் பேச்சே வந்தது.

எதைத் தேடி இத்தனை பாடு? வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சின்னப் புரதம். ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் போட்டார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. சாற்றிலிருந்து அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-ல் வெளியிட்டார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈ.ஜி.எஃப். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்ந்து 1986-ல் நோபல் பரிசு பெற்றார்.

காரணி செய்தி கொண்டுவருகிறது என்றால், அதை வாங்கிக்கொள்ள செல்லின் மேற்சவ்வில் ஓர் ஏற்பி வேண்டும். ஈ.ஜி.எஃப். ஏற்பிக்கு மூன்று உடன்பிறப்புகள். அதில் ஒன்று ஹெர்-2. இதன் விநோதம், இதற்கென்று சொந்தமாக ஒரு வளர்ச்சிக் காரணி இதுவரை தெரியவில்லை. மற்ற உடன்பிறப்புகள் செய்தி வாங்கியதும் அவற்றோடு ஜோடி சேர்ந்து, செல்லுக்குள் அந்தச் செய்தியைப் பல மடங்கு உரக்கச் சொல்வது இதன் வேலை. இதற்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நலமான செல்லில் இரண்டு நகல். சில புற்றுநோய்ச் செல்களில் அந்த மரபணு பத்து, இருபது என்று பெருகிவிடும். அப்போது சவ்வு முழுக்க ஏற்பி நெருக்கியடித்து நிற்கும். யாரும் தூண்டாமலே தங்களுக்குள் ஜோடி சேர்ந்து, செல்லை ஓயாமல் பிரிய வைக்கும்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் உண்டு. மும்பையிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போய் ராபர்ட் வெயின்பர்க்கின் ஆய்வகத்தில் வேலை செய்த லட்சுமி சரண் பாதி, எலியின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. உண்டாக்கும் ஒரு புரதத்தை 1982-ல் சகாக்களோடு அடையாளம் காட்டினார். ‘நியூ’ என்று பெயர் பெற்ற புற்றுமரபணு அந்தத் தடத்தில் கிடைத்தது. மனிதரின் ஹெர்-2 மரபணுவை ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச் 1985-ல் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. உல்ரிச்சோடு சேர்ந்து டென்னிஸ் ஸ்லேமன் 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்து, 1987-ல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றில் 30 சதவீதத்தில் இந்த மரபணு பெருகியிருப்பதையும், அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதையும் காட்டினார். இன்றைய கணக்குகளில் இந்த அளவு பொதுவாக 15 முதல் 20 சதவீதம்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் டாக்டர் மேடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சொல்லித் தருவார். கன்ட்ரோல் ஸ்லைடு எதற்கு என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் பேசினார். ஒவ்வொரு முறை ஹெர்-2 ஸ்டெயின் போடும்போதும், விடை முன்பே தெரிந்த ஒரு ஸ்லைடையும் கூட வைத்து ஓட்ட வேண்டும். கிட்டோடு வரும் கன்ட்ரோல் ஸ்லைடில் மூன்று வகை மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் இருக்கும்: ஏற்பி இல்லாதது, கொஞ்சம் உள்ளது, நிறைய உள்ளது. நிறைய உள்ளதன் பெயர் எஸ்.கே.-பி.ஆர்.-3. 1970-ல் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங்கில் ஒரு நோயாளியின் நெஞ்சு நீரிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. அதே ஆண்டு டெட்ராய்ட்டில் கேத்தரின் ஃபிரான்சிஸ் என்ற கன்னியாஸ்திரியின் நெஞ்சு நீரிலிருந்து எடுத்தவைதான் எம்.சி.எஃப்.-7 செல்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இந்தச் செல்கள் தங்களுக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணிகளைத் தாங்களே சுரந்துகொள்கின்றன என்று மார்க் லிப்மன், ராபர்ட் டிக்சன் குழு 1980-களில் காட்டியது. ஹார்மோனும் வளர்ச்சிக் காரணியும் தனித்தனிக் கதைகள் இல்லை என்பது அப்போதுதான் தெளிவானது. ஈ.ஆர்., ஹெர்-2 இரண்டையும் ஒரே கட்டியில் சேர்த்துப் பார்ப்பதற்கான நியாயமும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பெண்களுடைய செல்கள் இன்றைக்கும் உலகத்து லேப்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வேலூர் மேஜையிலும் அவற்றின் வகையறாதான் தினம் எங்களுக்குப் பரீட்சை வைக்கிறது.

இனி மேஜைக்கு வருகிறேன். வந்த கட்டியை டாக்டர் அளந்து, மையடித்து, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாத துண்டுகளாக வெட்டுவார். இதற்கு ‘கிராஸிங்’ என்று பெயர். துண்டுகள் சின்னக் கேசட்டில் அடங்கி, இரவு முழுவதும் மெஷினில் ஆல்கஹால், சைலீன், உருகிய பாரஃபின் என்று வரிசையாகக் குளிக்கும். 2012-ல் தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தபோது இந்த மெஷின் நடுராத்திரியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆள் மாற்றி ஆள் காவல் இருந்திருக்கிறோம். பாதியில் நின்ற பாரஃபின் இறுகிவிட்டால் அன்றைய சாம்பிள் அத்தனையும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

காலையில் ஒவ்வொரு துண்டும் ஒரு மெழுகுக் கட்டியாக வரும். அதுதான் பிளாக். அதை ஐஸ் தட்டில் வைத்துக் குளிரவிட்டு, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவ வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. மே மாதத்து வேலூர் வெயிலில் ஏ.சி. மக்கர் செய்தால் மெழுகு இளகி, சீவல் சுருங்கி மடியும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ரிப்பன் ரிப்பனாக வரும் சீவலை, தூரிகை நுனியில் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, மடிப்பு விரிந்ததும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். இதில் மூச்சு வேகமாக விட்டால்கூடச் சீவல் பறந்துபோகும்.

அப்புறம்தான் ஸ்டெயின். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்துக் காப்பாற்றியது சரி. ஆனால் அந்தப் பிணைப்புக்குள்ளேயே நாம் தேடும் ஏற்பியும் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபாடி போய் ஒட்ட இடம் இருக்காது. 1991-ல் ஷி என்பவரும் சகாக்களும் ஸ்லைடை மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒளிந்தது வெளியே வருகிறது என்று எழுதினார்கள். நம் ஊர் லேப்கள் இதற்குச் சமையலறையிலிருந்து பிரஷர் குக்கரைக் கொண்டுவந்துவிட்டன. நாங்களும் ஆட்டோமேட்டிக் மெஷின் வருவதற்கு முன் வருஷக்கணக்கில் குக்கரில்தான் செய்தோம். சிட்ரேட் கரைசலைக் கொதிக்கவிட்டு, ஸ்லைடு ராக்கை இறக்கி, வெயிட் போட்டு விசில் எண்ணுவோம். குறைத்தால் ஏற்பி வெளியே வராது. கூட்டினால் திசுவே ஸ்லைடை விட்டு உரிந்து தண்ணீரில் மிதக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம், “விசில் சத்தம் கேட்டா வீட்டு ஞாபகம் வரக்கூடாது, டைமரைப் பாரு” என்று சொல்லிவைப்பேன்.

குக்கரிலிருந்து எடுத்த ஸ்லைடை ஆறவிட்டு, ஹெர்-2-வை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒரு சொட்டு விடுவோம். பிறகு அதைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, அதன் முதுகில் ஒரு நொதி. கடைசியில் டி.ஏ.பி. என்ற சாயப்பொருள். நொதி இருக்கும் இடத்தில் மட்டும் அது பழுப்பாகப் படியும். உட்கருவை நீலமாக்க ஹீமடாக்ஸிலின் போட்டு, கவர்ஸ்லிப் ஒட்டினால் ஸ்லைடு தயார்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது செல்லின் விளிம்பைத்தான். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில், ஒவ்வொரு செல்லையும் சுற்றி அறுபடாத அடர்பழுப்புக் கோடு இருந்தால் 3+. அது பாசிட்டிவ், பேச்சுக்கே இடமில்லை. கோடு முழுசாகச் சுற்றினாலும் வெளுப்பாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+. அது இரண்டும் கெட்டான். அதற்கு ‘ஃபிஷ்’ பரிசோதனை வேண்டும். ஒளிரும் புள்ளிகளை வைத்து உட்கருவுக்குள் ஹெர்-2 மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று நேரடியாக எண்ணும் சோதனை அது. செலவு அதிகம். லேசாக, அறுந்து அறுந்து தெரிந்தால் 1+. ஒன்றுமே இல்லாவிட்டால் பூஜ்யம்.

இந்த அடர்பழுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவேதான் முதல் ஒரு மணி நேரம் வந்து உட்காருகிறது. உடம்பிலிருந்து அறுத்தெடுத்த திசுவுக்கு ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்தே அதன் நொதிகள் அதையே தின்னத் தொடங்கும். புரதம் சிதையும். ஆகவே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும், அதில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர், நோயியலாளர் சங்கங்களின் நெறிமுறை சொல்கிறது. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஊடுருவும். முழு மார்பகத்தையும் வெட்டாமல் அப்படியே ஒரு வாளியில் முக்கி சனிக்கிழமை மாலை வைத்தால், திங்கட்கிழமை மேலே கல்லாக இருக்கும், நடுவே கட்டி இருக்கும் இடம் கூழாகியிருக்கும். சில இடங்களிலிருந்து குறுகிய வாய் உள்ள ஊறுகாய் பாட்டிலில் அனுப்புவார்கள். உள்ளே போகும்போது கட்டி மெத்தென்று நழுவிப் போயிருக்கும். ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது. பாட்டிலைத் துணியில் சுற்றி உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒரு நாள் சாயங்காலம், கவுன்டரை மூடும் நேரத்தில், ஒயர் கூடையோடு ஓர் அம்மா வந்து நின்றார்.

“இன்னாம்மா, இத எங்க குடுக்கறது?”

கூடைக்குள் மஞ்சள் பைக்குள் ஒரு பாட்டில். யாருக்கு என்று கேட்டேன். மகளுக்கு. ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு ஷூ கம்பெனியில் தைக்கிறாள். மார்பில் கட்டி. அங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் காலையில் ஆபரேஷன். சீட்டில் ஊர் பார்த்தேன், அம்மாவுடையது கணியம்பாடி.

“நானும் கணியம்பாடிதாம்மா” என்றேன்.

“யார் வூட்டுப் பொண்ணு நீ?” அப்பா பேரைச் சொன்னதும் முகம் மாறியது. “தோல் ஷாப்புக்குப் போவாரே, அவரு பொண்ணா? அப்ப சீக்கிரம் பாத்துக் குடுத்துடும்மா.”

மூடியைத் திறந்தேன். கண்ணைக் கரிக்கும் ஃபார்மலின் வாசனை வரவில்லை. அப்பா கொட்டகையில் முகர்ந்து பார்ப்பது போல மூக்கருகே கொண்டுபோனேன். லேசான ரத்த வீச்சம் மட்டும். “இதுல இன்னா ஊத்தனாங்கம்மா?”

“குளுக்கோஸ் பாட்டில்ல ஏத்துவாங்களே, அந்தத் தண்ணிதான். காலைல பத்து மணிக்கே எடுத்துட்டாங்க. சீட்டு எழுதி, பணம் கட்டி, பஸ் புடிச்சி வர இம்மாம் நேரமாயிடுச்சி.”

சலைன். ஏழு மணி நேரம், அதுவும் வெயிலில், பஸ்ஸில். அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் கொடுத்ததைச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். அப்போதே கட்டியை வெட்டி ஃபார்மலினில் போட்டோம். ஆனால் உப்பு ஏறாத தோலின் கதைதான்.

ஸ்டெயின் வந்தது. ஈ.ஆர். பூஜ்யம், பி.ஆர். பூஜ்யம், ஹெர்-2 பூஜ்யம். மேலோட்டமாகப் பார்த்தால் ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’, ஹார்மோன் மாத்திரையும் கேட்காத, ஹெர்-2 மருந்தும் கேட்காத முரட்டு வகை. டாக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு, ஸ்லைடின் ஓரத்தைக் காட்டினார். கட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நலமான பால்குழாய்கள் இருந்தன. நலமான குழாயில் ஈ.ஆர். எப்போதும் அங்கங்கே இருக்கும். பழுப்பு உட்கருக்கள் தெரிந்தே தீர வேண்டும். அங்கும் வெறும் நீலம். எங்கள் கன்ட்ரோல் ஸ்லைடோ கச்சிதமாக வந்திருந்தது. ஆகவே ஆன்டிபாடியில் கோளாறில்லை, எங்கள் கையில் கோளாறில்லை. திசுவுக்குள் தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. “இதுக்கு நான் நெகட்டிவ்னு கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் மேடம்.

நல்லவேளையாக, ஆபரேஷனுக்கு முன்னால் வேறொரு இடத்தில் ட்ரூகட் பயாப்சி எடுத்திருந்தார்கள். ஊசியால் எடுத்த நூல் போன்ற திசு என்பதால் ஃபார்மலின் உடனே முழுக்க ஊறியிருக்கும். அந்த பிளாக்கை வாங்கி வரும்படி அந்த அம்மாவிடம் சொன்னோம். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அதிலிருந்து சீவி ஸ்டெயின் போட்டதில், பெரும்பாலான செல்களின் உட்கரு அடர்பழுப்பாக நின்றது. ஈ.ஆர். நன்றாக பாசிட்டிவ். அந்தப் பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை என்று ஆனது. அத்தனை விலை குறைந்த மாத்திரை, சலைனில் ஊறிய ஒரு பாட்டிலால் கை நழுவிப் போயிருக்கும்.

ஹெர்-2 விஷயத்தில் பணயம் இன்னும் பெரிது. ஹெர்-2-வைப் பூட்டும் ஆன்டிபாடி மருந்தான டிராஸ்டுசுமாப், 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் பரவாத நிலையிலேயே கீமோவோடு சேர்த்து ஒரு வருஷம் கொடுத்தால் திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2005-ல் ஆய்வுகள் காட்டின. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது அப்போது செய்தி மட்டுமே. ஒரு குப்பி லட்ச ரூபாயை ஒட்டிய விலை. அப்போதெல்லாம் 3+ என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். 2014-ல் பயோகான் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்த ஒத்த மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, பல கம்பெனிகள் போட்டிக்கு வந்து விலை இறங்கத் தொடங்கியது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இன்று 3+ என்றால், அந்த வீட்டில் காப்பீட்டு அட்டையைத் தேடுகிறார்கள். தேட ஒன்று இருக்கிறது என்பதே பெரிய மாற்றம். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள். ஆகவே தவறாக பாசிட்டிவ் சொல்வதும் பாவம்தான்: தேவையில்லாத செலவு, தேவையில்லாத அபாயம்.

1+ என்பதை நாங்கள் வெகுகாலம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பூஜ்யமும் நெகட்டிவ், 1+ உம் நெகட்டிவ். இரண்டுக்கும் ஒரே சிகிச்சை. 2022-ல் அது மாறியது. டிராஸ்டுசுமாபின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றிச் செய்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஏற்பி கொஞ்சமாக உள்ள பரவிய புற்றுநோயிலும் ஆயுளைக் கூட்டுகிறது என்று டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு காட்டியது. 1+ உம், ஃபிஷ்ஷில் நெகட்டிவான 2+ உம் ‘ஹெர்-2 லோ’ என்று தனி வகுப்பாயின. பழைய பிளாக்குகளை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. அந்த லேசான, அறுந்து அறுந்து தெரியும் கோட்டை இப்போது டாக்டர்கள் நெடுநேரம் பார்க்கிறார்கள். அது உண்மையிலேயே இல்லாத கோடா, சலைனில் கரைந்துபோன கோடா என்ற கேள்விக்குப் பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் விலை நம் ஜனங்களுக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. டிராஸ்டுசுமாபும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

மெஷின் வந்துவிட்டது, குக்கர் ஓய்வு பெற்றுவிட்டது, ஸ்லைடை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. இவற்றில் எதுவும் சலைன் பாட்டிலைச் சரி செய்யாது. அதைச் சரி செய்யப் பெரிய பணமும் வேண்டாம். கட்டியின் அளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின், அகலமான வாயுள்ள டப்பா, பெரிய கட்டியானால் நடுவில் ஒரு வெட்டு. இவ்வளவுதான். எங்களுக்குச் சாம்பிள் அனுப்பும் இடங்களுக்கு ஃபார்மலின் ஊற்றிய டப்பாக்களை நாங்களே முன்கூட்டிக் கொடுத்துவைக்கிறோம். அங்கே தியேட்டரில் வேலை செய்யும் நர்ஸ் பெண்களுக்கும் ஆயாக்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். டப்பாவில் கட்டியைப் போடுவது பெரும்பாலும் அவர்கள் கைதான். ஏன் என்று சொன்னால் அவர்கள் அதை மறப்பதில்லை.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கட்டி ஃபார்மலினில்தான் போடப்பட்டதா, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் இன்னொரு தடவை கேளுங்கள். பாட்டிலை உங்கள் கையில் கொடுத்தால் அன்றைக்கே லேபில் சேருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். சிகிச்சைக்கு வேறு ஊர் போகும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிளாக் ஒன்று கையில் இருந்ததால் ஒரு பெண்ணுக்குச் சரியான மாத்திரை கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் லேபின் கோரிக்கைச் சீட்டில் இப்போது இரண்டு கட்டங்கள் புதிதாக இருக்கின்றன: கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். ஆரம்பத்தில் பாதிச் சீட்டுகள் அந்தக் கட்டங்கள் காலியாகவே வந்தன. காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்போம். கேட்டுக் கேட்டு, இப்போது பெரும்பாலும் நிரப்பித்தான் அனுப்புகிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது அந்த இரண்டு நேரங்களைத்தான். நோயாளியின் பெயரும் வயதும் அதற்கு அடுத்ததுதான்.